இடது பக்க ஸ்டியரிங்

யுத்த காலத்து மிலிட்டரி லாரி ஒன்றைப் பழைய இரும்புக் கடையிலிருந்து கட்டி இழுத்து வந்து, வீட்டுக்குப் பின்னால் நிறுத்தி, வருஷக்கணக்கில் அதோடு மல்லுக்கட்டினேன். கிடைக்காத பாகங்களை லேத் பட்டறையில் கடைந்து வாங்கினேன். துருவைச் சுரண்டியே நகமெல்லாம் தேய்ந்தது. வெளிநாட்டு வண்டி, ஸ்டியரிங் இடது பக்கம். அதை மட்டும் யார் சொல்லியும் மாற்றவில்லை.

முதல் ஓட்டம் சிவகிரிக்கு. வலது பக்கச் சீட்டில் என் மனைவி சம்மணம் போட்டு உட்கார்ந்து பிச்சிப்பூ கட்டிக்கொண்டு வந்தாள். பைக்கில் எங்களை முந்த வந்த ஒருவர் அவளை அண்ணாந்து பார்த்து அலறினார்.

"ஏம்மா, ஸ்டியரிங்க விட்டுட்டுப் பூவா கட்டுதீய?"

அவள் நாரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அது பாட்டுக்குப் போவும் அண்ணாச்சி. பழகுன வண்டி."

இந்தப் பக்கம் நான், வளைவில் திரும்ப மறுத்த அந்தப் பாழாய்ப்போன ஸ்டியரிங்கில் தொங்கிக்கொண்டிருந்தேன்.

நாங்கள் சங்கரன்கோவில் திரும்புவதற்குள் செய்தி ஊருக்கு வந்துவிட்டது. இப்போது லாரியைப் பார்க்க வருகிறவர்கள் மைலேஜைக்கூட அவளிடம்தான் விசாரிக்கிறார்கள். என்னிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான்.

"அண்ணாச்சி, ஒங்களுக்கும் ஓட்டத் தெரியுமா?"