ஒரு வரி மட்டும் தெரியும் அட்டை

தம்பானூரில் மூன்று மாடி, இருபத்திரண்டு ரூம், மேட மாதக் கோடையிலும் வற்றாத ஒரு கிணறு, ரயிலை விட்டு இறங்கியவன் பெட்டியைத் தலையில் வைத்து நடந்தே வந்து சேரும் தூரத்தில் ஒரு லாட்ஜ். இவ்வளவையும் உண்டாக்கியது ஐந்தாம் வகுப்போடு நின்ற நான். தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து சாப்பாட்டுக் கடையில் எச்சில் இலை எடுத்தவன். மலையாளம் பேசுவேன், எழுதப் படிக்க வராது. இங்கிலீஷ் இரண்டும் வராது. சதுப்பு நிலம், இதில் மாடி நிற்காது என்று ஒரு எஞ்சினியர் தலையை ஆட்டினார். மாடி நின்றது, அவர்தான் மாற்றலாகிப் போனார். தமிழனுக்கு லைசென்ஸ் எதற்கு என்று கேட்ட ஆபீசர் பின்னாளில் தன் மகள் கல்யாணத்துக்கு வந்த சொந்தக்காரர்களுக்கு என்னிடம்தான் ரூம் கேட்டு வந்தார். கொடுத்தேன். மூன்றாவது மாடியில், படி ஏறும்படியாக.

இதையெல்லாம் இப்போது சொல்லக் காரணம் எங்கள் மானேஜர். போன மாதம் லாட்ஜ்காரர்கள் சங்கக் கூட்டத்தில் காலமான அவருடைய படத்தைத் திறந்து வைத்தார்கள். கீழே மலையாளத்திலும் இங்கிலீஷிலும் ஒரு வாசகம், கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்: ‘தங்க வந்தவர்களின் ரகசியம் காத்தவர்.’ கழக்கூட்டம் பக்கம் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் என் மருமகன்தான் அரை மணி நேரம் பேசினார். பிரைவசி என்ற சொல் இந்த ஊருக்கு வருவதற்கு முன்பே அதைக் காப்பாற்றியவர் எங்கள் மானேஜர் என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். முன்வரிசையில் உட்கார்ந்து நானும் தட்டினேன். ரகசியமாம், காத்தாராம்! அந்த மனிதருக்கு நாக்கு என்ற ஒன்று வாய்க்குள் தங்கியதே கிடையாது.

வலியசாலை அக்கிரகாரத்துக்காரர். பி.ஏ. படித்தவர். நெற்றியில் சந்தனம், கஞ்சி போட்ட வேட்டி, முத்து கோத்த மாதிரி இங்கிலீஷ் எழுத்து. அந்த எழுத்துக்காகத்தான் அவரை எடுத்தேன், அந்த எழுத்தால்தான் கெட்டேன். தன் கையெழுத்தை நாலு பேர் பார்க்க வேண்டும் என்ற ஆசையில் ரிஜிஸ்டரை எப்போதும் திறந்தே வைத்திருப்பார். புதிதாக ரூம் கேட்டு வருகிறவன் தன் பெயரை எழுதும்போது மேலே உள்ள பத்துப் பெயரையும் படித்துவிடுவான். பேப்பர் படிப்பது மாதிரி அதைப் படிப்பதற்கென்றே கவுண்டரில் வந்து சாய்ந்து நிற்கிற ஆட்கள் இருந்தார்கள்.

ஒரு நாள் மார்த்தாண்டத்திலிருந்து ஒரு பெண்ணும் பையனும் வந்தார்கள். மறுநாள் ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம். நான் பல்பு வாங்கச் சாலைக் கடைத்தெருவுக்குப் போயிருந்த நேரத்தில் பெண்ணின் அப்பா வந்து இங்கிலீஷில் கேட்டிருக்கிறார். நம் மானேஜர் எழுந்து நின்று, புத்தகத்தை அவர் பக்கமாகத் திருப்பி, விரலால் வரியையும் தொட்டுக் காட்டியிருக்கிறார். நான் திரும்பி வந்தபோது படிக்கட்டில் ஒற்றைச் செருப்பு கிடந்தது. பையன் உதட்டில் ரத்தத்தோடு உட்கார்ந்திருந்தான். பெண்ணை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

“பெரிய மனுஷர் முதலாளி, கேட்டேளா? தங்க ஃப்ரேம் கண்ணாடி. இங்கிலீஷிலே மரியாதையாக் கேட்டார். நான் எப்படி இல்லேங்கறது?”

“இங்கிலீஷில கேட்டா உம்ம வீட்டுச் சாவியையும் குடுப்பீரா?”

அன்றைக்கே பனியன் வந்த அட்டைப் பெட்டி ஒன்றைப் பிரித்து, ரிஜிஸ்டர் அளவுக்கு வெட்டி, பிளேடால் நடுவில் ஒரு வரி அகலத்துக்கு ஜன்னல் போட்டேன். பக்கத்தின் மேல் அதை வைத்தால் எழுதுகிறவனுக்கு அவனுடைய வரி மட்டும்தான் தெரியும். மேலே யார், கீழே யார் என்பது தெரியாது. போலீஸ் வந்தாலும் ஆளின் பெயரை அவர்கள் சொல்லட்டும், அந்த வரிக்கு அட்டையை நகர்த்துவோம், அவ்வளவுதான் என்று சட்டம் போட்டேன்.

“இதென்ன முதலாளி, புஸ்தகத்துக்கு முகமூடியா?”

“உம்ம வாய்க்குப் போட முடியலை சாமி, அதான் புஸ்தகத்துக்குப் போட்டேன்.”

ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார். பிறகு வருகிறவர்களிடம் அட்டையை நகர்த்திக் காட்டி, “இது எங்க லாட்ஜ் விசேஷமாக்கும்” என்று பெருமை பேச ஆரம்பித்தார். யார் வெட்டியது என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. இப்போது எல்லோர் வாயிலும் பிரைவசி. அன்றைக்கு அதற்குப் பெயர் கிடையாது. அடுத்தவன் விஷயம் உனக்கு எதுக்கு, அவ்வளவுதான்.

அந்த அட்டையும் அதற்குப் பின் வந்த ஏழெட்டு அட்டைகளும் தேய்ந்து போன பிறகு, மருமகன் ஒரு மெஷினைக் கொண்டு வந்து கவுண்டரில் நிறுத்தினார். சிலேட்டு மாதிரி இருக்கும். ஆதாரைக் காட்டினால் படம் பிடிக்கும், முகத்தையும் பிடிக்கும், ரூம் சாவி வாங்குமுன் போனுக்கு வாழ்த்து அனுப்பும். பழைய ரிஜிஸ்டர்களையும் விடவில்லை. இரண்டு பெண்களை உட்கார வைத்து, இத்தனை வருஷத்துப் பெயரையும் நம்பரையும் அதற்குள் ஏற்றினார்கள். ஒரு வரிக்கு மேல் யாரும் பார்க்கக் கூடாது என்று நான் மூடி வைத்த புத்தகத்தை முழுசாக விரித்து அதற்கு ஊட்டினார்கள். மானேஜருக்கு அதைக் கண்டதும் ஒரே குஷி. கண்ணாடி துடைக்கிற துணியால் அதைத் துடைத்துக்கொண்டே இருப்பார். ஒரே ஜாதி அல்லவா! இரண்டும் மரியாதையாகப் பேசும். யாரிடம் எதைச் சொல்லக் கூடாது என்பது இரண்டுக்கும் தெரியாது.

மூணாறு பக்கத்து எஸ்டேட் தமிழ்ப் பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருவர் மூன்று வாரத்துக்கு ஒரு தடவை வந்து தங்குவார். கணவர் இல்லை. இங்கே பெரிய ஆஸ்பத்திரியில் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டு போவார். வீட்டில் ‘டிரெயினிங்’ என்று சொல்லி வைத்திருந்தார். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. முன்னின்று நடத்துபவர் கணவரின் அண்ணன், குடும்பத்துக்கு மூத்தவர். அவர் காதுக்குப் போனால் அன்றைக்கே மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்விடும், கல்யாணம் நின்றுவிடும். “தாலி ஏறுற வரைக்கும் மறைச்சிட்டேன்னா போதும் அண்ணாச்சி” என்று என்னிடம் ஒரு நாள் சொன்னார். சொன்னதோடு சரி, அப்புறம் நானும் கேட்டதில்லை.

மெஷின் வந்த பிறகு அவர் முதல் தடவை வந்த காலையில், கீழே உட்கார்ந்து சாயா குடித்துக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. எடுத்ததும் மூத்தவர் குரல் கேட்டு டீச்சர் முகம் வெளுத்துவிட்டது. பல வருஷத்துக்கு முன் குடும்பத்தோடு வந்து தங்கியபோது ரிஜிஸ்டரில் மூத்தவர் நம்பரைத்தான் எழுதியிருக்கிறார்கள். எங்கள் ஆட்கள் வீட்டில் அந்தக் காலத்தில் ஆறு பேருக்கு ஒரு போன். ஆளுக்கு ஒரு நம்பர் என்று நினைத்துக்கொண்டு எவனோ படித்தவன் செய்த மெஷின், டீச்சர் பெயரைக் கண்டதும் அந்தப் பெயரில் முதலில் இருந்த பழைய நம்பரைத் தேடி எடுத்து வாழ்த்தை அங்கே அனுப்பிவிட்டது. வெறும் வாழ்த்தா? வாடகையில் சலுகை கிடைக்கட்டும் என்று நல்ல மனசோடு மானேஜர் ‘நோயாளி’ என்ற கட்டத்தைத் தொட்டிருக்கிறார். அதனால் ரூம் நம்பரோடு, ‘சிகிச்சை முடிந்து விரைவில் குணமடைய வாழ்த்துகிறோம்’ என்றும் போயிருக்கிறது.

“அத்தான், அது வந்து...” என்று டீச்சர் திணறினார். நான் போனை வாங்கினேன்.

“லாட்ஜ் முதலாளி பேசுதேன். உங்களுக்கும் வந்துட்டா? எங்க மெஷினுக்குக் கிறுக்குப் புடிச்சிருக்கு. காலையிலேருந்து வர்றவன் போறவன் எல்லாரையும் நோயாளிங்குது. எனக்கே குணமாகச் சொல்லி வாழ்த்து வந்திருக்கு.”

“அப்போ டிரெயினிங்தானா?”

“பின்னே? நாலஞ்சு டீச்சர்மார் இங்கே சாயா குடிச்சிட்டு நிக்காங்க. இருங்க, எனக்கு வந்ததை அனுப்புதேன், பாத்துச் சிரிங்க.”

போனை வைத்துவிட்டு மானேஜரைப் பார்த்தேன். “சாமி, என்னை நோயாளி ஆக்கும். சீக்கிரம். அப்படியே எல்லா ரூமையும் ஆக்கும்.”

“எல்லாரையுமா முதலாளி?”

“ஒருத்தரை மட்டும் ஆக்கத் தெரிஞ்சுது இல்லே?”

ஐந்து நிமிஷத்தில் லாட்ஜ் முழுக்க ஆஸ்பத்திரி ஆனது. மருந்துக் கம்பெனி ரெப்ரசென்டேட்டிவ் ஒருவர் பாதிச் சவரத்தோடு இறங்கி வந்து, “சேட்டா, எனிக்கு எந்தா அசுகம்?” என்று தனக்கு என்ன நோய் எனக் கேட்டுக் கத்தினார். எனக்கு வந்த வாழ்த்தை மூத்தவருக்கு அனுப்பினேன். சிரிக்கிற பொம்மை ஒன்று பதிலாக வந்தது. டீச்சர் ஆறிப்போன சாயாவை ஒரே மடக்கில் குடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்.

மருமகன் சாயங்காலம் ஓடி வந்தார். “மாமா, இதுக்குத்தான் பிரைவசி பாலிசி இருக்கே. இருபது பக்கம்.” இருபது பக்கம் எழுதுகிறவன் காப்பாற்றவா எழுதுகிறான்? யாரும் படிக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறான். என்னுடையது ஒரு அட்டை, அதில் ஒரு ஓட்டை. படிக்க வேண்டியதே இல்லை. மெஷினைத் தூக்கிக்கொண்டு போகச் சொன்னேன். போலீசுக்குக் காட்ட வேண்டியதை மறுபடி புத்தகத்தில் எழுத வைத்தேன்.

கல்யாணம் நடந்தது. டீச்சரும் தேறி, இப்போதும் பள்ளிக்கூடம் போகிறார். கல்யாணப் பத்திரிகை எங்கள் லாட்ஜுக்கு வந்தது. மேலே எழுதியிருந்தது ‘மானேஜர் சார் அவர்களுக்கு’. முதலாளி என்றல்லாமல் என் பெயர் யாருக்குத் தெரியும்? அந்தப் பத்திரிகையை மானேஜர் கவுண்டர் கண்ணாடிக்குக் கீழே வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் கதை சொன்னார். கதையில் போனை வாங்கிப் பேசியது அவர். மருமகன் மேடையில் சொன்னதும் அந்தக் கதைதான்.

செத்த மனிதரைப் பழிக்கிறேன் என்று நினைப்பவர்கள் நினைக்கட்டும். என் மேல் உள்ளதையும் சொல்லிவிடுகிறேன். அந்த மெஷின் தானாக வந்து கவுண்டரில் ஏறவில்லை. பழைய புத்தகங்களை எடுத்துக்கொள்ளலாமா என்று அது என்னைக் கேட்டது, இங்கிலீஷில். மருமகனும் அந்த இரண்டு பெண்களும் பக்கத்தில் நின்றார்கள். இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது. இருபத்திரண்டு ரூம் கட்டியவன், படித்தவன் மாதிரி தலையை ஆட்டிவிட்டு, ‘சம்மதம்’ என்று இருந்த இடத்தில் விரலை வைத்தேன். தங்கக் கண்ணாடிக்கு மானேஜர் எழுந்து நின்றது மாதிரிதான் அதுவும்.

ஆகையால் சங்கத்துக்காரர்களுக்கும் என் மருமகனுக்கும் சொல்கிறேன். படம் இருக்கட்டும், மாலையும் கிடக்கட்டும். கீழே உள்ள வாசகத்தை மாற்றுங்கள். அட்டையை வெட்டியவன் நான். போனில் பொய் சொன்னவன் நான். சம்மதம் கொடுத்து அந்த டீச்சரைக் கிட்டத்தட்டக் கவிழ்த்தவனும் நான். மூன்றையும் எழுதுங்கள், என் முழுப் பெயரைப் போட்டு, எனக்குப் படிக்க வருகிற தமிழில்.