அக்கா வர இருந்த வீடுகள்

அச்சகத்திலிருந்து காலையில் இரண்டு முறை அழைத்துவிட்டார்கள். படங்கள் போய்ச் சேர்ந்துவிட்டன, உறவினர் பெயர்களும் போய்ச் சேர்ந்துவிட்டன, தம்பி எழுத வேண்டிய இந்தப் பக்கங்கள்தான் பாக்கி. உட்கார்ந்தால் எழுந்துவிடுகிறேன். கீழே என் கம்பெனியில் தையல் மெஷின்கள் ஓடுகின்றனவா என்று பார்க்கப் போகிறேன், ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன, திரும்பி வருகிறேன். அக்காவின் காரியத்தன்று இந்த நினைவு மலர் உங்கள் கையில் இருக்க வேண்டும் என்பதால், மனம் இருக்கிற நிலையிலேயே எழுதிக் கொடுக்கிறேன். முன்னும் பின்னுமாக இருந்தால் உறவுகள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா கணியூரில் பிறந்தவர். அமராவதித் தண்ணீர் பாயும் நிலம், நெல்லும் கரும்பும். எங்கள் பெற்றோருக்கு நாங்கள் இருவர். அப்பா காலமானபோது அக்கா கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார். பெண் பிள்ளைக்கு இனி எதற்குப் படிப்பு என்று வந்த பங்காளிகளிடம், "நிறுத்திக்கறனுங்க. தம்பியோட படிப்பை நீங்க ஏத்துக்கறீங்களா?" என்று கேட்டார். யாரும் ஏற்கவில்லை. அக்காவும் நிறுத்தவில்லை. என்னைப் படிக்க வைத்தது அக்கா வேலைக்குப் போய் வாங்கிய சம்பளம்தான்.

திருமணமாகித் திருப்பூருக்கு வந்தார். மாமாவின் வீட்டார் சாயப்பட்டறை நடத்தினார்கள். அக்காவுக்குப் பிள்ளை இல்லை. மாமா அதை ஒருநாளும் குறையாகச் சொன்னதில்லை, சொன்னவர்களை வீட்டுக்குள் விட்டதுமில்லை. என் மகள் நித்யா பாதி நாள் அந்த வீட்டில்தான் வளர்ந்தாள். அத்தை என்றால் அவளுக்கு அவ்வளவு உயிர். அது எனக்கு நிம்மதியாகவும் இருந்தது, கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

முதலில் அக்கா வார்டு கவுன்சிலர். சாக்கடை, குடிதண்ணீர், தெருவிளக்கு. பிறகு இரண்டு முறை சட்டமன்ற உறுப்பினர். கட்சியின் பெயரை இங்கே எழுதவில்லை. காரியத்துக்கு எல்லாக் கட்சியினரும் வருவீர்கள். ஆறு கெடக் கூடாது, இரவு ஷிப்ட் முடிந்து பெண்கள் நடந்து வீடு போகக் கூடாது, கம்பெனி வளர்ந்தால் அதில் வேலை செய்கிறவர் படுக்கும் இடமும் வளர வேண்டும் என்பவை அவர் மேடை மாறினாலும் மாற்றாமல் பேசியவை. பேசியதையெல்லாம் சாதித்தார் என்று சொல்ல மாட்டேன். கொறடா உத்தரவுக்குக் கட்டுப்பட்டு, மனத்துக்குப் பிடிக்காமல் ஓட்டுப் போட்ட நாட்களும் உண்டு. ஆனால் அதை மறைத்ததில்லை.

மறைக்க நினைத்தால் மிகவும் சுலபம் என்று அக்காவே சொல்வார். சட்டமன்றத்தில் பெரும்பாலும் குரல் வாக்கெடுப்புதான். ஏற்கிறவர்கள் 'ஆம்' என்க, மறுப்பவர்கள் 'இல்லை' என்க என்பார் பேரவைத் தலைவர். மொத்தமாக ஒரு சத்தம் எழும். மசோதா நிறைவேறிவிடும். அந்தச் சத்தத்தில் யார் குரல் இருந்தது என்று எந்த ஏட்டிலும் இருக்காது. அதனால் அக்கா தனக்கென்று ஒரு வழக்கம் வைத்திருந்தார். தன்னுடைய ஓட்டால் யாருக்குக் கஷ்டமோ, ஊர் திரும்பியதும் முதலில் அவர்கள் வீட்டுக்கு நேரில் போய்ச் சொல்வார். முந்தின நாள் மாலை போன் செய்து, "காலையில ஊட்டுல இருப்பீங்களா?" என்று கேட்பார். வேறு எதற்கும் அவர் அப்படிக் கேட்டுவிட்டு வந்தவர் அல்லர்.

சாயக்கழிவு தொடர்பான மசோதா நிறைவேறியபோது அவர் போன் செய்தது மாமாவின் அண்ணனுக்கு. ஒரே காம்பவுண்டில் எதிரெதிர் வீடு. மறுநாள் காலையில் முற்றத்தைக் கடந்து போய், "நான் ஆம்னுதானுங்க சொன்னேன்" என்றார். அண்ணன் அரை மாதம் அக்காவிடம் பேசவில்லை. பட்டறையை மூட வேண்டி வந்தது. மாமா மட்டும், "சாப்பாட்டைப் போடு, ஓட்டைப் பத்தி அப்புறம் பேசலாம்" என்றாராம். புறவழிச் சாலைக்கு நிலம் எடுத்தபோது அக்கா கணியூருக்கே போய்ப் பங்காளிகள் முன்னால் நின்றார். மோர் கொடுத்தார்கள், முகம் கொடுக்கவில்லை.

மண்ணரையில் பனியன் தொழிலாளர்கள் ஒற்றை அறைகளில் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீடுகளுக்கு ஒருமுறை நானும் கூடப் போனேன். தொழிலாளர்களுக்கு வாடகை உதவி கேட்டு எதிர்க்கட்சி கொண்டுவந்த தீர்மானத்தைக் கொறடா சொன்னபடி அக்கா எதிர்த்திருந்தார். அங்கே எஸ்தர் என்று ஒரு அம்மா, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவர், பனியன் கம்பெனியில் தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கிங் வேலை செய்கிறவர்.

"ஓட்டு கேக்க வந்திய, சரி. எங்களுக்கு எதுத்து ஓட்டு போட்டதைச் சொல்லவும் வந்திட்டியளோ?" என்றார் எஸ்தர்.

"ஆமாங்க. இல்லைன்னு சொன்னேன். கட்சி சொல்லுச்சு, நானும் சொன்னேன்."

"பொறவு எதுக்கு வந்திய? டீ குடிக்கவா?"

"கொடுத்தாக் குடிக்கறனுங்க."

எஸ்தர் சிரிக்கவில்லை. ஆனால் டீ வந்தது. அடுத்த தேர்தலில் அந்தத் தெருவில் அக்காவுக்காக வீடு வீடாகப் போனவரும் அவர்தான். அக்காவின் கார் ஒரு தெருவுக்குள் திரும்பினால், "போச்சு, இங்க யாருக்கோ எதிரா ஓட்டுப் போட்டுட்டு வாராங்க" என்று டீக்கடையில் கேலி பேசுவார்கள். அக்காவுக்கு அது தெரியும். பிடிக்கவும் செய்யும்.

இப்போது கடைசி ஓட்டுக்கு வருகிறேன். இதை எழுதத்தான் இத்தனை முறை எழுந்து எழுந்து உட்கார்ந்தேன்.

வெளியூர்த் தொழிலாளர் தங்கும் விடுதிகளுக்கான மசோதா. ஓர் அறையில் இத்தனை பேருக்கு மேல் கூடாது, கழிப்பறை வேண்டும், அவசரத்துக்கு இரண்டாவது வாசல் வேண்டும். என் கம்பெனிக்குப் பின்னால் நான்கு அறைகள் இருக்கின்றன, வடக்கிலிருந்து வந்த பையன்கள் தங்குகிறார்கள். மசோதா வந்தால் அவற்றை இடித்துக் கட்ட வேண்டும். பெரிய கம்பெனிகளிடம் ஜாப் ஒர்க் எடுத்துத் தைக்கிற எனக்கு அது சின்ன காரியமில்லை. சிறு கம்பெனிகளுக்குக் கொஞ்சம் அவகாசம் கேளுங்கள் என்று அக்காவிடம் மன்றாடினேன். "கேக்கறேன் சாமி. கொடுக்கலைன்னா என்ன செய்யறதுன்னு அங்க போய்த்தான் தெரியும்" என்றார். வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தால் போதும், யாருக்குத் தெரியப்போகிறது என்றேன்.

மசோதா குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. அன்று மாலை சென்னையில் ரயில் ஏறும் முன் அக்கா எனக்குப் போன் செய்தார்.

"காலையில ஊட்டுல இருப்பியா?"

"இருப்பேன். என்னங்கக்கா?"

"வந்து சொல்றேன் சாமி."

காலையில் பல் தேய்க்கும்போதே அக்காவிடம் என்ன சண்டை போடுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். என் மனைவி டிகாஷன் இறக்கி வைத்திருந்தார். போன் வந்தது மாமாவிடமிருந்து. சேலம் தாண்டியதும் நெஞ்சு வலித்திருக்கிறது. ஈரோட்டில் இறக்கியிருக்கிறார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லாரும் அழுதார்கள். அழுகையோடு இன்னொன்றும் தொடங்கிவிட்டது. இடைத்தேர்தல் வரும், அனுதாப அலை இருக்கும், நித்யாவை நிறுத்தலாம் என்றார்கள். நித்யா எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர். எனக்கு இருக்கிற ஒரே பிள்ளை. அக்கா ஊர் ஊராக அலைந்ததையும், சாப்பிடாமல் கிடந்ததையும், சுவரில் அவரைப் பற்றி எழுதப்பட்ட அசிங்கங்களையும் பார்த்தவன் நான். அந்த உயிர் கடைசியில் ரயிலில் தனியாகப் போனது. அந்த வழியில் என் பிள்ளையையும் அனுப்பச் சொல்கிறார்கள்.

போன வாரம் கட்சியின் மாவட்டச் செயலாளர் மாமா வீட்டுக்கு வந்தார். கூடவே பெரிய பனியன் கம்பெனி நடத்தும் சென்னியப்பன் ஐயாவும் வந்திருந்தார். நித்யாவும் நானும் இருந்தோம்.

"மலர்ல அந்த விடுதி மசோதாப் பேச்சே வேண்டாமுங்க" என்றார் செயலாளர். "அக்கா வாயே திறக்கலைன்னு ஓனர்ங்க எல்லாம் நம்பிக்கிட்டிருக்காங்க. அப்படியே இருக்கட்டும். நித்யா அம்மிணிக்கு அதுதான் நல்லது."

"லைன் வீட்டுப் பக்கம் என்னங்க சொல்லியிருக்கீங்க?" என்று நித்யா கேட்டாள்.

"அங்க, ஆம்னு சத்தமாச் சொன்னாங்கன்னு சொல்லியிருக்குது. ரெண்டு பக்கமும் ஓட்டு வேணுமில்லீங்க?"

நித்யா அவரை விட்டுவிட்டுச் சென்னியப்பன் ஐயா பக்கம் திரும்பினாள். "ஏனுங்க ஐயா, அன்னைக்குச் சாயங்காலம் அத்தை உங்களுக்குப் போன் பண்ணுனாங்களா?"

அவர் கையிலிருந்த டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பண்ணுச்சு அம்மிணி."

"என்னங்க கேட்டாங்க?"

"காலையில ஊட்டுல இருப்பீங்களான்னு."

மாமா தலை குனிந்திருந்தார். ஐயாவே சொன்னார்: "எதுக்குக் கேக்கறாங்கன்னு தெரிஞ்சு போச்சு. கோவத்துல, எனக்கு நேரமில்லைன்னுட்டேன். அதுதான் உள்ள உறுத்திக்கிட்டே இருக்குது."

ஒருவேளை வேறு ஏதாவது பேசுவதற்காக அக்கா என் வீட்டுக்கு வர நினைத்திருக்கலாம், நித்யாவுக்கு ஒரு வரன் பார்த்திருக்கலாம் என்றெல்லாம் அதுவரை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். ஐயாவுக்கும் அதே கேள்வி போயிருக்கிறது என்று தெரிந்த பிறகு அப்படிச் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

அவர்கள் போன பிறகு, நான் உள்ளதை எழுதிவிடப் போகிறேன் என்று நித்யாவிடம் சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வை அக்காவின் பார்வை.

"எழுதுனா சீட்டு கொடுக்க மாட்டாங்கன்னுதானேப்பா எழுதறீங்க?"

"அதுவுந்தான் கண்ணு."

"சரி, எதுக்குன்னாலும் எழுதுங்க. எழுதோணும்."

ஆகவே எழுதுகிறேன். விடுதி மசோதாவுக்கு அக்கா 'ஆம்' என்றுதான் சொன்னார். அதனால் கஷ்டப்படப் போகிற கம்பெனிக்காரர்களில் நானும் ஒருவன். அக்காவே நேரில் வந்து உங்களுக்குச் சொல்லியிருப்பார். திட்டு வாங்கியிருப்பார், காபி கொடுத்தால் குடித்திருப்பார். வர முடியாமல் போய்விட்டது. லைன் வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. சத்தமாகச் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. சொன்னார் என்பது தெரியும்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறைய. ரயிலில் எதிர் இருக்கையில் வந்து, அக்காவின் நெஞ்சை அழுத்திக்கொண்டே ஈரோடு வரை வந்த செவிலியர் பெண்ணின் பெயரைக் கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை. அம்மா, நீங்கள் எங்கிருந்தாலும் எங்கள் குடும்பம் உங்களைக் கும்பிடுகிறது. அன்று ஓடி உதவிய ரயில்வே ஊழியர்களுக்கும், அக்காவை வீடு கொண்டுவந்து சேர்த்த ஆம்புலன்ஸ் தம்பிக்கும், வந்த கூட்டத்துக்கெல்லாம் சமைத்துப் போட்ட மாமாவின் அண்ணனான எதிர் வீட்டுப் பெரிய மாமாவுக்கும், மண்ணரையிலிருந்து வேலையை விட்டுவிட்டு வந்து அத்தனை பாத்திரத்தையும் துலக்கிக் கொடுத்த எஸ்தர் அம்மாவுக்கும், அவர் கூட வந்தவர்களுக்கும், காரியத்துக்கு நேரில் வந்திருக்கும் உங்கள் எல்லாருக்கும் எங்கள் நன்றி.

இந்த மலரை மண்டபத்தில் எல்லாருக்கும் கொடுப்பார்கள். கம்பெனி நடத்துகிறவர்களுக்கு மட்டும் நித்யா வீட்டுக்கே கொண்டுவந்து தருவாள். சென்னியப்பன் ஐயா இந்த முறை வீட்டில் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

தேர்தலைப் பற்றி நித்யா இதுவரை ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மாமா தனியாக இருக்கக் கூடாது என்று அவள் இந்த நாட்களில் அங்கேதான் தங்கியிருக்கிறாள். மேலே உள்ள வரியை எழுதிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. அச்சகம் என்று நினைத்து எடுத்தேன். நித்யா.

"அப்பா, நாளைக்குக் காலையில ஊட்டுல இருப்பீங்களா?"

இருப்பேன் கண்ணு என்றேன்.