பதினேழாவது நிமிடம்

அப்பா ஒரு குளிர்பதனக் கிடங்கில் கம்ப்ரஸர் ஆப்பரேட்டர். முப்பத்தொரு வருடம். சத்தத்தை வைத்தே எந்த பேரிங் தேய்கிறது என்று சொல்லிவிடுவார். ஒருமுறை அந்தச் சத்தத்தைப் பதிவு செய்ய ஓர் இசையமைப்பாளர் வந்தார். வாத்தியமே இல்லாமல் இயந்திரங்களை வைத்து இசை செய்தவர். பின்னால் வந்த பலர் அவர் வழியில் போனார்கள். அப்பாவுக்கு அவர் வெறும் 'இரைச்சல் சார்'.

"மூணு நாள் மைக்கைத் தூக்கிட்டுச் சுத்துனாரு. என் மெஷினை இவ்வளவு ஆசையா எங்க மேனேஜர்கூட பார்த்ததில்ல" என்பார் அப்பா. இடையில் பொறுமை போய், "போதுமா சார், ஆயில் போடணும்" என்று அப்பா கேட்டதுகூட டேப்பில் விழுந்துவிட்டது. சரியாகப் பதினேழாவது நிமிடம். இரைச்சல் சார் சிரித்துவிட்டு, அது அப்படியே இருக்கட்டும் என்றாராம்.

பதினொரு வருடத்துக்கு முன் புற்றுநோயால் அப்பாவின் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். அதன்பிறகு எல்லாம் துண்டுச்சீட்டுதான். அம்மாவுடன் சண்டையையும் எழுதித்தான் போட்டார். "பெரிய எழுத்துல எழுதினா கத்துறாருன்னு அர்த்தம்" என்பாள் அம்மா. நான்கு மாதங்களுக்கு முன் இறந்தார். அவர் குரல் வீட்டில் எதிலும் இல்லை.

நூலக மாடியில் அந்த இசையமைப்பாளரைப் பற்றிப் பேசுகிறார்கள், அந்தப் பதிவையும் போடுவார்கள் என்று தெரிந்ததும் அம்மா முந்தின நாளே துணி எடுத்துவைத்தாள்.

இருபது நாற்காலி, பதினான்கு பேர். பேசியவர் இசையமைப்பாளரின் மாணவர். மேசை விளிம்பில் உட்கார்ந்து கதை சொல்வதுபோலப் பேசினார்.

"இது சுத்தம் பண்ணின பதிவு. போன வருஷம் பண்ணினது. முன்னாடி நடுநடுவுல ஆள் பேச்செல்லாம் கேக்கும்."



என் வேலையே பழைய டேப்புகளைச் சுத்தம் செய்வது. போன வருடம் அறுபத்திரண்டு டேப்புகள் வந்தன. பெயர் கிடையாது, எண் மட்டும். இயந்திர ஒலி, மனிதக் குரலை நீக்கவும் என்று குறிப்பு. பெரும்பாலும் நாங்கள் கேட்பதில்லை. ஒலியைத் திரையில் படமாகப் பார்ப்போம். மனிதக் குரல் அடுக்கடுக்கான கோடுகளாகத் தெரியும். கறையைத் துடைப்பதுபோலத் துடைத்துவிட்டு, பக்கத்துச் சத்தத்தை எடுத்து அந்த இடத்தில் ஒட்டுவோம். ஒட்டின் இரு முனையிலும் நான் அரை விநாடி கலந்துவிடுவேன். மற்றவர்கள் அப்படிச் செய்வதில்லை.

அவர் பதிவைப் போட்டார். பதினேழாவது நிமிடத்தில் அந்த அரை விநாடிக் கலப்பு கேட்டது. மூன்று விநாடி கழித்து இன்னொன்று. நடுவில் கம்ப்ரஸர்.

பதிவு முடிந்ததும் அவரிடம் போய்க் கேட்டேன். "மூல டேப் இருக்குங்களா?"

"பூச்சு உதிர்ந்து போச்சுங்க. பிரதி எடுக்கறப்போ ஒரு தடவைதான் ஓடுச்சாம். சுத்தம் பண்ணினவங்ககிட்ட பிரதி இருக்கலாம், கேட்டுப் பாருங்களேன்."

சுத்தம் செய்யாத பிரதியைத் தொண்ணூறு நாளில் அழிப்போம். அழித்ததற்குக் கையெழுத்துப் போடுவதும் நான்தான்.

திரும்பி வந்தேன்.

"பதினேழு அதுக்குள்ள தாண்டிடுச்சாடா?" என்றாள் அம்மா.

"தாண்டிடுச்சும்மா."

"எனக்குத்தான் காது மந்தம். இன்னொரு தரம் போடச் சொல்லேன்."

"அம்மா, அது வந்து..."

"சொல்லுடா. கூச்சப்படாத."

அவளே எழுந்து போய்க் கேட்டாள். அவர் சந்தோஷமாக மறுபடி போட்டார். அம்மா நாற்காலியை ஸ்பீக்கர் அருகே இழுத்துப் போட்டுக்கொண்டு, காதோரம் கையைக் குவித்தாள். பதினாறாவது நிமிடத்தில் என்னைப் பார்த்து, பேசாதே என்று சைகை காட்டினாள்.