மெர்சி ஆன்ட்டியின் சமையல் புத்தகம்

பழைய புத்தகக் கடையில் ஒரு சமையல் புத்தகத்தைப் புரட்டியபோது பெருங்காய வாசனை வந்தது. உடனே மனசு நெய்வேலியில் நாங்கள் குடியிருந்த, இப்போது இடித்துத் தரைமட்டமாக்கிவிட்ட குவார்ட்டர்ஸின் சமையலறைக்குப் போய்விட்டது.

அப்போது எனக்குப் பத்து வயது. அப்பா மைன்ஸுக்கு இரண்டாவது ஷிஃப்ட் கிளம்பிய நாட்களில், கொடியில் காய்ந்த துணிகளின் கரித்தூளை உதறி மடித்துவிட்டு அம்மா உள்ளே போனதும், பக்கத்து வீட்டு மெர்சி ஆன்ட்டி எண்ணெய்க் கறை படிந்த சமையல் புத்தகத்தை முந்தானைக்குள் மறைத்தபடி கொல்லைக் கதவு வழியாக வருவார், தாழ்ப்பாள் விழும், அதன்பின் குக்கர் சத்தமோ தாளிக்கும் சத்தமோ இல்லாமல் வெறும் முணுமுணுப்பு மட்டும் கேட்டுக்கொண்டேயிருக்கும். சமைக்காதவர்களுக்குச் சமையல் புத்தகம் எதற்கு? அம்மா எங்களை விட்டுப் போகத் திட்டம் போடுகிறாள் என்றே நினைத்தேன்.

ஒருநாள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். அம்மா எழுத்தின் மேல் விரலை வைத்து, "ப... ச்... ச... ரி... சி" என்று திக்கித் திக்கிப் படித்துக்கொண்டிருந்தாள். என் பரீட்சைப் பேப்பரை நீட்டும்போதெல்லாம் "கண்ணு வலிக்குது, நீயே படி" என்று அவள் சொன்னது ஏனென்று அன்றுதான் புரிந்தது.

என்னைப் பார்த்ததும் பதறிவிட்டாள்.

"இன்னாடி பாத்துகினு நிக்கிற? உங்கப்பாகிட்ட சொல்லிடாத. இந்த வயசுல இன்னாத்துக்குன்னு சிரிப்பாரு."

நான் சொல்லவேயில்லை. அம்மாதான் நம்பவில்லை. அந்த வீட்டைக் காலி செய்யும்வரை, நான் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து எதைப் பேசினாலும், சமையலறை வாசலில் வந்து நின்று என் உதட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள்.