ஆண்டுச் சராசரி

அலுவலகத்தில் அவளுக்குக் கடுகு என்று பெயர். ஆள் சின்னது, காரம் பெரிது. நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் மூத்த வேதியியலாளர். கோபம் வந்தால் குரலை உயர்த்த மாட்டாள். எதிராளி சொன்னதையே நிதானமாகத் திருப்பிச் சொல்வாள். அதற்கு நாலு திட்டு வாங்கிக்கொள்வதே மேல் என்பார்கள்.

அவள் குடியிருந்தது ஆறு வளையும் இடத்தில், பால் பவுடர் ஆலைக்குச் சற்றுக் கீழே. ஆலைக் கழிவிலிருந்த பாஸ்பரஸ் பாசியை வளர்த்துத் தண்ணீரைப் பச்சைக் கூழாக்கியது. சுத்திகரிப்பு நிலையம் கட்டச் சொன்னபோது ஆலைக்காரர்கள் வேறு வழி சொன்னார்கள். மேலே வயல்களிலிருந்தும் உரம் கரைந்து ஆற்றுக்குத்தானே வருகிறது? விவசாயிகள் அதைக் குறைக்கட்டும். குறைத்த அளவை நாங்கள் விலைக்கு வாங்கி, அந்த அளவுக்குக் கழிவை விட்டுக்கொள்கிறோம் என்றார்கள். சோதித்துப் பார்க்கலாம் என்றது அரசு. ஒருவன் பட்டினி கிடக்க இன்னொருவன் இரண்டு தடவை சாப்பிடுகிற கணக்கு என்றாள் கடுகு.

முதலில் விற்க வந்தவர்களில் அவள் அண்ணனும் ஒருவன். மனதறிந்து ஏமாற்றத் தெரியாதவன். வயலிலிருந்து வழியும் உரத்தைத் தடுக்கக் கரையோர நிலத்தை உழாமல் விட்டுப் புல்லும் மரமும் வளர்த்தான். மண்ணைச் சோதித்த பிறகே உரம் போட்டான்.

திட்டம் பலித்ததா என்று மதிப்பிடும் வேலை அவள் தலையில் விழுந்தது. மழைக்காலத்தில் ஆறு நிஜமாகவே தேறியிருந்தது. அதை அவளால் மறுக்க முடியவில்லை. ஆனால் கோடையில் மழை இல்லை. வயலிலிருந்து எதுவும் வழியாது. அண்ணன் தடுப்பதற்கும் எதுவும் இல்லை. ஆலைக் குழாய் மட்டும் ஓய்வில்லாமல் ஊற்றியது. மெலிந்த ஆற்றின் வளைவில் மீன்கள் வாயைப் பிளந்து மிதந்தன.

ஆண்டுச் சராசரியை மட்டும் எழுதினால் போதும், அதில் பொய் இல்லையே என்றார் கூடத்தின் இயக்குநர்.

"பொய் இல்லதான் சார்," என்றாள் அவள். "கோடையில செத்த மீனையும் மழையில நீந்துற மீனையும் கூட்டி ரெண்டால வகுத்தா, எல்லா மீனும் பாதி உயிரோட இருக்கு."

அவள் இரண்டு காலத்தையும் தனித்தனியாக எழுதினாள். விஷயம் காதுக்கு எட்டியதும் அண்ணன் கிளம்பி அவள் வீட்டுக்கே வந்துவிட்டான்.

"நான் பட்ட பாட்டைப் பொய்னு எழுதிட்டியாமே?"

"உன் பாடு நிஜம்ணா. அதைக் காட்டி அவங்க பண்றதுதான் அநியாயம்."

அவள் எழுந்து, கோடை முழுக்கச் சாத்தியே கிடந்த ஜன்னலைத் திறந்தாள். நாற்றம் சமையலறை வரை வந்தது. அண்ணன் மூக்கைப் பொத்திக்கொண்டான். ஆனாலும் விடவில்லை.

"ஆலைக்காரன் வாங்கலைன்னா அந்த நிலத்தை நான் சும்மா போட்டு வைக்க முடியுமா? நீ கோபப்பட்டாலும் உனக்குச் சம்பளம் வந்துடும். எனக்கு?"

அவன் தண்ணீர்கூடக் குடிக்காமல் இறங்கிப் போனான்.

அரசு நடத்திய விசாரணைக் கூட்டத்தில் ஆலையின் வக்கீல் குறுக்கிடக் குறுக்கிட, அவள் தன் அறிக்கையை ஒரு வரி விடாமல் படித்தாள். முடிவு அவள் பக்கம்தான் வந்தது, அரைகுறையாக: இந்த வணிகம் மழைக்காலத்துக்கு மட்டும், கோடையில் ஆலை தன் கழிவைத் தானே சுத்தம் செய்ய வேண்டும். அதற்கு ஆலைக்கு இரண்டு வருட அவகாசம். எல்லோரும் கைகுலுக்கினார்கள். இன்னும் இரண்டு கோடை இந்தக் கூழுக்குப் பக்கத்தில் வாழப்போவது அவர்களா என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆலை வாங்குவதைக் குறைத்ததும், கரையோரப் புல்லில் பாதியை அண்ணன் உழுதுவிட்டான். அவனே போனில் சொன்னான். குரலில் குற்றச்சாட்டு இல்லை. அதுதான் அவளைச் சுட்டது. அவன் வயிற்றையும் வளைவுக்காரர்களின் மூச்சையும் ஒன்றுக்கொன்று எதிராக நிறுத்தியவர்கள் இரண்டிலும் எதையும் இழக்கவில்லை.

அடுத்த கோடை பிறந்ததும், யாரும் கேட்காமலேயே, தண்ணீர் மாதிரி எடுக்கும் பாட்டில்களை எடுத்துக்கொண்டு ஆலைக் குழாயடிக்கு இறங்கினாள். காவலாளி தடுத்தான்.

"ஆத்துக்குள்ளதான் நிக்கிறேன். இது உங்க முதலாளியோடதா?" என்றாள்.

அவன் ஒதுங்கிக்கொண்டான்.