வெள்ளை வேட்டியும் சீனத்துக் கல்யாணமும்

சென்ற மாதம் ஒரு சாயங்காலம், எங்கள் வடசேரி வாசகசாலையில் நிற்க இடமில்லை. வழக்கமாக அங்கே நாலைந்து பேர் இருப்போம். அதில் பாதிப்பேர் பத்திரிகையை முகத்தின் மேல் போட்டுக்கொண்டு தூங்குவார்கள். அன்று ஜன்னல் கம்பியில்கூட ஆள்! என்ன விசேஷம்? சீனாவுக்குப் போய்விட்டு வந்த தாணு பேசுகிறான்.

தாணு எங்கள் தெருப் பையன். நாகர்கோவிலில் காலேஜில் படிக்கிறான். அவனும் இன்னும் மூன்று மாணவர்களும், கூடத் துணைக்கு ஒரு பேராசிரியருமாக, கோடை விடுமுறையில் கப்பல் ஏறினார்கள். சீனத்துக் கல்லூரிகளையும் பட்டு ஆலைகளையும் கிராமங்களையும் பார்த்து வர வேண்டும் என்று ஏற்பாடு. ஆரல்வாய்மொழி தாண்டுவதற்குள் பஸ்ஸில் வாந்தி எடுக்கிற ஊர் நம் ஊர். இங்கிருந்து ஒரு பையன் கொழும்பு, சிங்கப்பூர், ஹாங்காங் என்று கடல் தாண்டி ஷாங்காய் வரை போய் வருவது சின்ன விஷயமா?

யோசித்துப் பாருங்கள். நம் வீட்டு அடுக்களையில் சீனச்சட்டி. ஊறுகாய் போட்டு வைக்கச் சீனப்பரணி. தீபாவளிக்குச் சீனவெடி. வீட்டுக்குள்ளே இத்தனை சீனா இருக்கிறது... சீனாவைப் பார்த்தவன் ஒருத்தன் உண்டா? அதனால்தான் அன்று அத்தனை கூட்டம்.

கேள்விகள் பறந்தன.

"லேய் தாணு, பாம்பு திம்பானுவளாமே... உள்ளதாடே?"

"நான் பாக்கல்ல மாமா. எங்களுக்கு மூணு நேரமும் சோறுதான். நம்மளப் போல சோத்துக்குப் பொறந்த சனம்."

"சோறுன்னா... கையாலயா?"

தாணு சட்டைப்பையிலிருந்து இரண்டு குச்சிகளை எடுத்தான். மேஜை மேல் கிடந்த ஒரு துண்டுக் காகிதத்தைக் கவ்வித் தூக்கிக் காட்டினான். கூட்டம் வாயைப் பிளந்தது. கோட்டாற்றிலிருந்து வந்திருந்த மளிகைக் கடைக்காரர் ஒருவர் மட்டும் மசியவில்லை.

"எல்லாம் சரிடே. ரசத்தை எப்படிப் பிசைவான்?"

சீனத்து நாகரிகம் முழுவதும் அந்த ஒரு கேள்வியில் தோற்றுப்போனது. சிரிப்பு அடங்க வெகு நேரம் ஆயிற்று.

தாணு நன்றாகப் பேசினான். அங்கே வயலுக்கும் வாய்க்காலுக்கும் முடிவே இல்லையாம். நம் பெண்களைப் போலவே குனிந்து நின்று நாற்று நடுகிறார்களாம். வாத்துக் கூட்டத்தைப் படகில் போய் மேய்க்கிறார்களாம். விருந்தாளிக்கு எதைக் கொடுத்தாலும் இரண்டு கையாலும் கொடுக்கிறார்களாம். கேட்கக் கேட்க ஆசையாக இருந்தது.

அப்போது யாரோ கேட்டார்கள்: "அங்க கல்யாணமெல்லாம் எப்படிடே?"

தாணு டம்ளரை எடுத்துத் தண்ணீர் குடித்தான். முகம் மாறிவிட்டது. "நேரமாச்சு" என்று சொல்லிக் கூட்டத்தை முடித்துவிட்டான்.

என்னைத்தான் உங்களுக்குத் தெரியுமே! பக்கத்து வீட்டுக் குழம்பில் உப்புக் கூடினால் எனக்குத்தான் முதலில் தெரியும் என்பது என் மனைவியின் புகார். பையன் எதையோ மறைக்கிறான் — விடுவேனா? அவனோடு சேர்ந்து வீட்டுக்கு நடந்தேன்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். தாணுவின் தங்கை செண்பகத்துக்கு ஆவணியில் கல்யாணம் என்று நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை தாழக்குடி. தாணுவின் அப்பா அவன் சிறு பிள்ளையாக இருக்கும்போதே போய்விட்டார். அம்மா பகவதியம்மைதான் இருந்த வயலைப் பார்த்து, இரண்டு பிள்ளைகளையும் ஆளாக்கினாள். பையனைச் சீனாவுக்கு அனுப்ப ஊரெல்லாம் தயங்கியபோது, "போயிட்டு வரட்டும்" என்று சொன்னதும் அவள்தான். ஆனால் மகள் கழுத்தில் தாலி ஏறும்போது அவள் பந்தலில் நிற்க முடியாது. அடுக்களைக்குள்தான் இருக்க வேண்டும். ஏன் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? வெள்ளைப் புடவை.

வடசேரிச் சந்தை தாண்டியதும் தாணு வாயைத் திறந்தான்.

"அண்ணாச்சி, அங்க ஒரு கல்யாணத்துக்குப் போனோம். அதை எப்படிச் சொல்லதுன்னே தெரியல்ல."

ஷாங்காயில் அவர்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டியவன் லீ என்கிற மாணவன். வாய்க்கால் வழியே படகில் போனால் அவன் ஊர். அங்கே அவன் அக்காவுக்குக் கல்யாணம். "இந்தியாவிலிருந்து நண்பர்களைக் கூட்டிவருகிறேன்" என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தான். அவன் அப்பாவுக்கு அதில் அவ்வளவு பிரியமில்லை. அந்நியர்கள்... என்ன செய்வார்களோ? லீ கெஞ்சிச் சம்மதம் வாங்கியிருக்கிறான். பேராசிரியர் வயிற்றுக் கோளாறு என்று ஷாங்காயிலேயே படுத்துவிட்டார். பையன்கள் நாலு பேரும் கிளம்பினார்கள்.

அதுவரை எல்லோரும் கோட்டும் கால்சட்டையுமாகத்தான் திரிந்தார்கள். கல்யாணத்துக்கு அது போதுமா? நம் ஊர் மானம் என்ன ஆவது? நல்ல நாள் பெரிய நாளுக்கு உடுத்தச் சொல்லி அம்மா பெட்டியில் வைத்திருந்த சரிகைக்கரை வேட்டியைத் தாணு எடுத்தான். மற்றவர்களையும் விடவில்லை. அவர்களில் ஒருவனான மார்த்தாண்டத்துச் சாமுவேலுக்கும் சம்மதம்தான் — அவர்கள் சர்ச்சில் மணப்பெண்ணே வெள்ளை உடுத்தித்தானே வருவாள்! வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் வெள்ளை நேரியல். நாஞ்சில் நாட்டில் மாப்பிள்ளைத் தோழர்கள் இப்படித்தான் போவார்கள். நாலு பேரும் பளபளவென்று தெருவுக்குள் நுழைந்தார்கள்.

வெடிச் சத்தம் நின்றது. குழல் ஊதிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். ஒரு பெண் தன் குழந்தையின் கண்ணைப் பொத்தினாள். வாசலில் பேயறைந்தவன் மாதிரி லீ நிற்கிறான்.

சீனாவில் வெள்ளை, சாவு வீட்டுத் துணி. பெற்றவர்களைப் பறிகொடுத்த பிள்ளைகள் உடுத்துவது. கல்யாணம் என்றால் எங்கு பார்த்தாலும் சிவப்பு. அந்தச் சிவப்புக்கு நடுவே நம் பையன்கள் நாலு பேரும் இழவுக்கு வந்தவர்களாக நிற்கிறார்கள்!

லீ அவர்களை இழுத்துக்கொண்டு போய்ப் பின்கட்டில், அடுக்களையை ஒட்டிய ஓர் அறையில் அடைத்துவிட்டான். அங்கே மூங்கில் தட்டி. இடுக்கு வழியாகப் பார்த்தால் முற்றத்தில் சிவப்பு விளக்குகள் தெரிகின்றன. இந்தப் பக்கம் அடுப்பில் பன்றிக்கறி வேகிற வாசனை. முன்பக்கம் லீயின் அப்பா குரல் உயர்ந்துகொண்டே போகிறது.

"அவரு பேசினது ஒரு வார்த்தை எனக்குத் தெரியாது அண்ணாச்சி. ஆனா என்ன சொல்லுதாருன்னு தெரிஞ்சுது. எங்க மாமா வீட்டுக் கல்யாணத்தில அம்மையைப் பாத்து ஒருத்தர் சொன்னாரு, 'நீ அங்கின ஒதுங்கி நில்லு'ன்னு. அதே கொரலு."

நான் நடையை மெதுவாக்கினேன். 

கொஞ்ச நேரத்தில் லீ மூச்சிரைக்க ஓடிவந்தான். கையில் இரவல் வாங்கிய நீல அங்கிகள். ஆளுக்கு ஒரு சிவப்புத் துணி. "இதைப் போட்டுக்கொள்ளுங்கள், சரியாகிவிடும்" என்றான். சாமுவேல் நெட்டை. அங்கி அவனுக்கு முழங்காலோடு நின்றுவிட்டது. தாணுவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கல்யாண வீட்டில் ஒருத்தன் கையில் சிவப்புத் துணியைக் கொடுத்தால் நம் ஊர்க்காரன் என்ன செய்வான்? தலைப்பாகை கட்டுவான். கட்டினான்! மற்ற மூவரும் கட்டினார்கள். நாலு பேரும் மிடுக்காக முற்றத்துக்கு வந்தார்கள்.

அவ்வளவுதான். மூலையில் காசு வைத்துக் காய் ஆடிக்கொண்டிருந்த பெரியவர்கள் காய்களை அங்கிக்குள் வாரிப் போட்டார்கள். ஒருவர் சுவரேறிக் குதித்தேவிட்டார்.

விஷயம் என்னவென்றால், ஷாங்காயில் வெள்ளைக்காரர் ஆளுகிற பகுதியில் காவல் நிற்பவர்கள் நம் நாட்டுப் போலீஸ்காரர்கள். அவர்கள் தலையில் சிவப்புத் தலைப்பாகை. இந்திய முகத்தையும் சிவப்புத் தலையையும் சேர்த்துப் பார்த்ததும், சூதாட்டத்தைப் பிடிக்கப் போலீஸ் வந்துவிட்டது என்று எண்ணிவிட்டார்கள்!

முதலில் லீ சிரித்தான். பிறகு குழல்காரர்கள். கடைசியில் லீயின் அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவரே எழுந்து வந்து தாணுவின் தலையிலிருந்து துணியை அவிழ்த்து, தோளில் போட்டுவிட்டாராம். முன்வரிசையில் தம் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டாராம். மணப்பெண் வந்து இரண்டு கையாலும் தேநீர் கொடுத்தாளாம்.

கேட்டுவிட்டு நான் விழுந்து விழுந்து சிரித்தேன். தாணு சிரிக்கவில்லை.

"நாங்க சட்டையை மாத்தினோம் அண்ணாச்சி. அவ்வளவுதான்... முன்னால இருத்தினாவ. எங்க அம்மை எதை மாத்தினா பந்தலுக்கு வரலாம்? சொல்லுங்க."

 அன்றைக்குத்தான் எனக்கும் உறைத்தது. அதே வெள்ளை. அதே தறி, அதே கடை. ஆண் உடுத்தினால் மாப்பிள்ளை. பகவதியம்மை உடுத்தினால் சகுனத்தடை. சீனாவில் துணியைத்தான் ஒதுக்குகிறார்கள். நாம் ஆளையே அல்லவா ஒதுக்குகிறோம்! அவள் நாளைக்கே பச்சைப் பட்டு உடுத்தி வந்தாலும் வழிவிடுவோமா?

மறுநாள், கல்யாணக் காரியமாக வீட்டுக்கு வந்திருந்த தாய்மாமன் மாதேவனிடம் தாணு பேசினான். நானும் போனேன். வம்பு நடக்கிற இடத்தில் நான் இல்லாமலா? மாதேவன் கெட்டவர் இல்லை. அக்கா என்றால் அவருக்கு உயிர். பொறுமையாகக் கேட்டார்.

"நீ சொல்லது சரிதாம்டே. ஆனா சம்பந்தக்காரன் பந்தல்ல இருந்து எந்திச்சுப் போயிட்டாம்னா? செண்பகத்துக்க கதி என்ன? வேற மாப்பிள்ளையச் சீனாவில இருந்து கொண்டாருவியா?"

நியாயமான கேள்விதான்.  உள்ளிருந்து பகவதியம்மை வந்தாள்.

"சவத்தை விடு மக்கா. எனக்கு ஒரு கொறையும் இல்ல. அடுக்களை ஜன்னல் வழியா மணவறை போடுத இடம் நல்லாத் தெரியும். நேத்தே நின்னு பாத்து வச்சிட்டேன்."

அவள் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது.

சென்ற வெள்ளிக்கிழமை கல்யாணம். பந்தல் நிறையக் கூட்டம். தாலியைத் தட்டில் வைத்துப் பெரியவர்களிடம் நீட்டுவார்கள் அல்லவா — தொட்டுக் கும்பிட்டு ஆசீர்வதிக்க? பெண்ணின் அண்ணன் என்று தாணு கையில் தட்டைக் கொடுத்தார்கள். வரிசையாகக் கொண்டுபோனான். மாப்பிள்ளையின் அப்பா தொட்டார். மாதேவன் தொட்டார். நானும் தொட்டேன். தட்டு மணவறைக்குத் திரும்ப வேண்டும். தாணு திரும்பவில்லை. நேரே வீட்டுக்குள் நடந்தான்.

எனக்குப் புரிந்துவிட்டது. பின்னாலேயே ஓடினேன். என் பின்னால் மாதேவன்.

அடுக்களையில் அவியல் கிண்டிக்கொண்டிருந்த சமையற்காரர் அப்படியே நின்றுவிட்டார். தாணு அம்மாவின் முன்னால் தட்டை நீட்டினான். அவள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

"வேண்டாம் மக்கா! கொண்டு போ... தங்கச்சிக்கு ஆகாது."

"நீ தொடாம இது வெளிய போகாது, அம்மை."

"எம் பிள்ளைக்கு என் கையால கெடுதல் வரப்பிடாது. போ ராசா, போ!"

 ஊர் சொல்வதை அவள் ஊரைவிட அதிகமாக நம்பியிருந்தாள். தாணு அசையவில்லை. மேளம் தடுமாறியது. பந்தலிலிருந்து சாஸ்திரியார் கத்தினார் — முகூர்த்தம் முடியப்போகிறது! மாப்பிள்ளையின் அப்பா குரலும் கேட்டது: "அங்க என்னவே தாமசம்?"

மாதேவன் தட்டைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். பந்தலைப் பார்த்தார். அவர் முகத்தில் இரண்டு பயங்கள் மல்லுக்கட்டின. அக்கா தொட்டால் தோஷம். முகூர்த்தம் தப்பினால் அதைவிடப் பெரிய தோஷம்! எந்தப் பயம் ஜெயித்தது என்று நினைக்கிறீர்கள்?

"யக்கா! தொடுக்கா சீக்கிரம்... நேரம் போவுது!" என்று அலறினார். அவரே அவள் கையைப் பிடித்து முன்னால் இழுத்துத் தாலியின் மேல் வைத்தார். வைத்தவர் கையை எடுக்கவில்லை. குழந்தை மாதிரி அழுதார்.

பகவதியம்மை முதலில் விறைத்து நின்றாள். பிறகு விரல்கள் மெல்ல அசைந்தன. தாலியைத் தடவிப் பார்த்தாள். இரண்டு கையாலும் தட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நல்லா இரு, மக்களே" என்றாள். 

கெட்டிமேளம் முழங்கியது. அப்போது அவள் ஜன்னலில் நிற்கவில்லை. வாசற்படியில், மாதேவன் பக்கத்தில் நின்றாள்.

சம்பந்தி வீட்டார் எழுந்துதான் போனார்கள்... பந்திக்கு! பாயசத்தை மறுபடியும் கேட்டு வாங்கிக் குடித்தார்கள்.

சீனாவுக்கு அனுப்பினால் பையன்கள் கெட்டுப்போய் வருகிறார்கள் என்று வடசேரியில் இப்போது ஒரே பேச்சு. அடுத்த தடவை போகிற கூட்டத்தில் சேர என் பையனையும் மனுப் போடச் சொல்லியிருக்கிறேன்.