பக்கெட்டுக்கு ஒரு வேடம்

வெர்னா ஸ்டக்கி ஒரு நாய்க்கு வேடம் தைக்க உட்கார்ந்தால் முதலில் பார்ப்பது கழுத்தையோ முதுகையோ அல்ல. அது காலைத் தூக்கி மூத்திரம் பெய்யும்போது துணி எங்கே இருக்கும் என்றுதான் பார்ப்பார். "மத்ததெல்லாம் அப்புறம். அங்க நனைஞ்சா பாதி ஊர்வலத்துல எல்லாத்தையும் கழட்டிப் போடணும்" என்பார். கார்வர் க்ரீக்கில் இதைக் கேட்டுச் சிரிக்காதவர்கள் இல்லை. அவர் தைத்த வேடம் பாதியில் கழன்றதைப் பார்த்தவர்களும் இல்லை.

இருபத்தேழு வருடம் எங்கள் ஊர்ப் பட்டறையில் படகுகளுக்கு மூடுதுணியும் லாரிகளுக்கு சீட் உறையும் தைத்தவர் வெர்னா. விலங்குகளுக்குத் தைக்க அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கெடுத்துக் கெடுத்துக் கற்றுக்கொண்டார். ஒரு வருடம் ஆகஸ்டு மாதமே அளவெடுத்து ஒரு ஹஸ்கி நாய்க்கு விண்வெளி வீரர் உடை தைத்தார். அக்டோபருக்குள் நாய்க்குக் குளிர்கால ரோமம் அடர்ந்துவிட்டது. உடையின் இரு ஓரங்களும் ஒன்றையொன்று தொடவில்லை. அன்றிலிருந்து அக்டோபர் இரண்டாம் வாரத்துக்கு முன்னால் அவர் எந்த நாய்க்கும் அளவெடுப்பதில்லை.

முதலில் பழைய படுக்கை விரிப்பில் தைத்துப் போட்டுப் பார்ப்பார். கால் நுழையும் துளை இரண்டு விரல் தளர்வாக இருக்க வேண்டும். தாடைக்குக் கீழே எலாஸ்டிக் வரக் கூடாது. காதும் மீசையும் வெளியே இருக்க வேண்டும். வெல்க்ரோவின் முள் பக்கம் ரோமத்தைப் பார்த்து இருக்கக் கூடாது. கழுவாத துணியில் ஊசி போடவே மாட்டார்.

அக்டோபர் கடைசி சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு எங்கள் ஊரில் வளர்ப்பு விலங்குகளின் ஹாலோவீன் ஊர்வலம் நடக்கும். தீயணைப்பு நிலையத்தில் புறப்பட்டு, மெயின் தெருவில் தானியக் கிடங்கு வரை போய்த் திரும்பும். பன்னிரண்டு வருடங்களுக்கு முன் பரிசு விஷயத்தில் ஒரு சண்டை வந்தது. அதன் பிறகு வெர்னாதான் ஐந்து விதிகளை எழுதி நிலையத்தின் கதவில் ஒட்டினார். மூன்றாவது விதி: வேடம் வீட்டில் தைத்ததாகவும் விலங்கின் உடம்பில் அணிந்ததாகவும் இருக்க வேண்டும்.

அடுத்த வருடமே அந்த விதியில் மாட்டியவர் ஆரின் பாமன். ஊருக்கு வெளியே செம்மறி ஆடு வளர்ப்பவர், வெர்னாவோடு பள்ளியில் படித்தவர். சமையல்காரர் தொப்பியும் ஏப்ரனும் போட்டுக்கொண்டு, ஒன்றுமே போடாத தன் பன்றியைக் கயிற்றில் பிடித்து வந்தார். "நான் சமையல்காரன், இவன் காலைச் சாப்பாடு" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே நடந்தார். ஊரே கைதட்டியது. வெர்னா அவர் பெயரை அடித்துவிட்டார். வேடம் பன்றியின் உடம்பில் இல்லை என்பது காரணம். அதற்குப் பிறகு ஆரின் ஊர்வலத்தில் நடக்கவில்லை.

நான் எங்கள் ஊர் விலங்குக் காப்பகத்தில் சனிக்கிழமைதோறும் கூண்டு கழுவப் போகிறேன். பக்கெட்டை முதலில் அங்கேதான் பார்த்தேன். கறுப்பு நிறம், ஆடு மேய்க்கும் கோலி இன நாயின் கலப்பு, ஆறு வயது இருக்கலாம். பெட்ரோல் பங்கில் ஒரு பக்கெட் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான், அதனால் அந்தப் பெயர். ஆட்கள் வந்தால் கூண்டின் கடைசிக்குப் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வான். நாய் தேடி வருகிறவர்கள் அவன் முதுகைப் பார்த்துவிட்டு அடுத்த கூண்டுக்குப் போய்விடுவார்கள். ஒன்பது மாதம் இப்படியே போயிற்று.

அந்த வருடம் காப்பகத்தின் சூடேற்றும் குழாய்களை மாற்ற வேண்டியிருந்தது. நவம்பர் ஒன்றாம் தேதி பாதிக் கூண்டுகளை மூடுவதாக முடிவு. அதற்குள் வீடு கிடைக்காத நாய்கள் நகரத்தில் இருக்கும் பெரிய காப்பகத்துக்குப் போக வேண்டும். காப்பகப் பொறுப்பாளர் ரோண்டா கிளிங்கர் வெர்னாவிடம் நேராகவே சொன்னார்.

"அங்க இருநூறு நாய் இருக்கு, வெர்னா. வாலை ஆட்டுற நாய்க்கே வீடு கெடைக்கறதில்ல. இவன் சுவத்தப் பாத்து உக்காருவான். அப்படி உக்காந்திருக்கறத ரொம்ப நாள் வச்சுக்க மாட்டாங்க, ஊசி போட்டுடுவாங்க."

"ஊர்வலத்துல நடந்தா?"

"போன வருஷம் நீங்க தச்சுப்போட்ட நம்ம நாய் ரெண்டுக்கும் அன்னைக்கே வீடு கெடச்சுது. இவன் மூஞ்சிய ஜனங்க ஒரு தடவ பாத்தாப் போதும்."

வெர்னா அவனைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொள்ள முயன்று பார்த்திருந்தார். அவருடைய கிழட்டுப் பூனை இரண்டு நாள் பிரிட்ஜ் மேலிருந்து இறங்காமல் பட்டினி கிடந்தது. அந்த வழி அத்தோடு முடிந்தது. நான் இருக்கும் குடியிருப்பில் நாய்க்கு அனுமதி இல்லை.

தேனீ வேடம் என்று முடிவு செய்தார். கறுப்பு நாய்க்குப் பாதி வேலை மிச்சம். மஞ்சள் பட்டைகள் மூன்று, நைலான் காலுறையைக் கம்பியில் இழுத்துக் கட்டிய இறக்கைகள் இரண்டு. விரிப்புத் துணியில் தைத்து, என் வண்டியில் காப்பகத்துக்கு எடுத்துவந்து போட்டுப் பார்த்தார். பக்கெட் அசையவில்லை. ஒரு முன்னங்காலைத் தரையில் படாமல் தூக்கியபடி நின்றான்.

"பாருங்களேன், என்ன சமத்தா நிக்கிறான்! போட்டோ எடுக்கவா?" என்றார் ரோண்டா.

"எடுக்காத. சமத்து இல்ல இது. கண்ணோட வெள்ளையப் பாரு. நாக்க எத்தன தடவ நீட்டி இழுக்கிறான் பாரு. பயத்துல கல்லாயிட்டான்."

எல்லாரும் செய்கிற தவறு அது. வேடம் போட்டதும் ஆடாமல் நிற்கிற நாயை நல்ல நாய் என்று நினைத்துப் படம் எடுப்பார்கள். வெர்னா உடனே கழற்றிவிட்டார்.

மறுநாள் இறக்கை இல்லாமல் பட்டைகளை மட்டும் கட்டினார், கரண்டியில் வேர்க்கடலை வெண்ணெய் காட்டினார். அவன் கரண்டியைப் பார்க்கவே இல்லை. அதற்கு மறுநாள் ஒரே பட்டை. அப்புறம் கழுத்தில் ஒரு கைக்குட்டை. கைக்குட்டைக்கும் காலைத் தூக்கிக்கொண்டு நின்றான். கழுத்துப்பட்டியும் கயிறும் மட்டும் பழகியிருந்தன. வேறு எது உடம்பில் பட்டாலும் இதே கதை. அவனுக்கு யார் என்ன செய்தார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது.

ஊர்வலத்துக்கு ஐந்து நாள் இருந்தது. கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, வெர்னா என்னைப் பார்த்து, "வண்டி எடு. தீயணைப்பு நிலையத்துல ஒரு நிமிஷம் நிறுத்திட்டு ஆரின் வீட்டுக்குப் போகணும்" என்றார்.

ஆரின் கொட்டகையில் வைக்கோல் தள்ளிக்கொண்டிருந்தார்.

"யாரு, நீதிபதியம்மாவா? என் பன்னி செத்து ஆறு வருஷமாச்சு. இன்னும் அது மேல ஏதாச்சும் குத்தம் மிச்சமிருக்கா?"

"கம்பளி வேணும், ஆரின். ஆட்டு வேஷம் தைக்கணும்."

"யாருக்கு?"

"எனக்கு."

ஆரின் வைக்கோல் தள்ளுவதை நிறுத்தினார். "ஒனக்கா? இத்தன வருஷத்துல ஒரு காகிதத் தொப்பி கூட வச்சதில்லையே நீ."

"காப்பகத்து நாய் ஒண்ணு. ஒடம்புல துணி பட்டா ஒறஞ்சு போயிடுது. அதனால நான் ஆடு. அவன் ஆடு மேய்க்கிற நாய்."

"அவன் எதப் போட்டுக்குவான்?"

"எதையும் போட்டுக்க மாட்டான்."

ஆரினின் முகத்தில் சிரிப்பு மெல்ல ஏறியது. "மூணாம் விதி என்ன சொல்லுது, வெர்னா?"

"எனக்குத் தெரியும். எழுதினதே நான்தான்."

"வாயத் தொறந்து சொல்லு. இத்தன வருஷம் காத்திருந்தேன்ல."

வெர்னா ஒரு வார்த்தை விடாமல் சொன்னார்.

"அப்ப நான் சமையல்காரன், பன்னி சாப்பாடு, அது செல்லாது. நீ ஆடு, நாய் நாய். இது செல்லுமா?"

"இதுவும் செல்லாது. என் பேர நானே அடிச்சு, பட்டியல தீயணைப்புக் கேப்டன்கிட்ட குடுத்துட்டு வந்தேன். எனக்குப் பரிசு வேணாம். அவன ஊர் பாக்கணும், அவ்வளவுதான். கடைசியில நடக்கிறேன்."

ஆரின் உள்ளே போய், ஆட்டிலிருந்து கத்தரித்த கம்பளி ரோமம் இரண்டு மூட்டை கொண்டுவந்து வண்டியில் போட்டார். "கழுவாதது. நாறும்."

வெர்னாவுக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது. ஆனால் அக்டோபர் ஈரத்தில் கழுவிய கம்பளி ஐந்து நாளில் காயாது. வாழ்க்கையில் முதல் தடவையாகக் கழுவாததில் ஊசி போட்டார். பழைய கான்வாஸ் அங்கி ஒன்றில், கூரைக்கு ஓடு அடுக்குவது போல, கீழ் வரிசையிலிருந்து மேல் வரிசைக்குக் கம்பளிக் கொத்துகளை வைத்துத் தைத்தார். தலைக்குக் கம்பளித் தொப்பி, அதில் இரண்டு ஆட்டுக் காதுகள். தன் காதுகளை வெளியே விட்டுவிட்டார். நாயின் மேல் பலகை எதுவும் கட்ட முடியாது. அதனால் ஆட்டின் முதுகில் எழுத்துகளைத் தைத்தார்: என் நாய்க்கு வீடு வேண்டும்.

சனிக்கிழமை தீயணைப்பு நிலையத்தில் ஒரே இரைச்சல். மிளகாய் பீன்ஸ் கொதிக்கிற அண்டாவைச் சுற்றி டைனோசர் நாய்களும் சூனியக்காரிப் பூனைகளும், தபால்காரர் சட்டை போட்டுத் தபால்பெட்டிக்குள் உட்கார்ந்த ஒரு கினிப் பன்றியும். நான் பக்கெட்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவன் போனதும் செங்கல் சுவரைக் கண்டுபிடித்து, அதைப் பார்த்து உட்கார்ந்துவிட்டான். ரோண்டா என்னைப் பார்த்தார்.

வெர்னா உடை மாற்றும் அறையிலிருந்து வந்தார். வாசலில் நின்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வழிவிட்டார்கள். "சிரிக்கிறவங்க சீக்கிரம் சிரிச்சு முடிங்க, எனக்கு உள்ள வேகுது" என்றார்.

பக்கெட்டின் மூக்கு முதலில் அசைந்தது. பிறகு தலை திரும்பியது. ஒன்பது மாதத்தில் கூட்டத்தின் பக்கம் திரும்பிய அவன் முகத்தை நான் பார்த்தது அன்றுதான். எழுந்தான். தலையைத் தோளுக்குக் கீழே தாழ்த்தி, வெர்னாவைச் சுற்றி வளைத்து அவருக்குப் பின்னால் போய் நின்றான். வெர்னா நீளக் கயிற்றை வாங்கிக்கொண்டு ஓர் அடி வைத்தார். அவனும் ஓர் அடி வைத்தான்.

அன்று வெர்னா நாயை நடத்திப் போகவில்லை, நாய்தான் அவரை ஓட்டிப் போயிற்று. நின்றால் குதிகாலுக்குப் பின்னால் வந்து உற்றுப் பார்த்தான். ஒரு குழந்தை வண்டிக்கு வழிவிட அவர் டோனட் மேசைப் பக்கம் ஒதுங்கியபோது, குறுக்கே பாய்ந்து அவரை நடுத்தெருவுக்குத் திருப்பினான். ஜனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவன் யாரையும் பார்க்கவில்லை. அவனுக்கு வேலை இருந்தது.

ஆரின் தன் பிக்கப் வண்டியில் சாய்ந்து ஆப்பிள் சைடர் குடித்துக்கொண்டிருந்தார். கேலி பேசத்தான் வந்திருக்க வேண்டும். ஆனால் டம்ளரைக் கீழே வைத்தார். இரண்டு விரலை வாயில் வைத்து நீளமாக ஒரு விசில் அடித்தார். பக்கெட் தார் ரோட்டில் வயிறு பட அப்படியே படுத்துவிட்டான். இன்னொரு சின்ன விசில். எழுந்தான்.

"எங்கயோ ஆட்டு மந்தையில வேலை பாத்த நாய் இது" என்றார் ஆரின்.

"இருக்கட்டும். என்னை எதுக்கு நடு ரோட்டுல நிறுத்தின? மூச்சு முட்டுது" என்றார் வெர்னா.

கினிப் பன்றிக்குப் பரிசு கிடைத்தது. தகுதி இழந்தவர்களின் பட்டியலில் ஒரே பெயரைக் கேப்டன் வாசித்தார். ஆரின் எங்களிடம் வந்து, தனக்கு நாய் வேண்டாம் என்று மூன்று தடவை சொன்னார். சொல்லிக்கொண்டே அவன் பல்லைப் பார்த்தார், காலைத் தடவிப் பார்த்தார், இடது பக்கம் கொஞ்சம் மந்தம் என்று குறை சொன்னார். ரோண்டா தத்தெடுப்புப் படிவத்தை நீட்டினார்.

வெர்னா அதைக் குறுக்கே பிடித்துக்கொண்டார். "இரு. அவனுக்கு மழைக்கு, குளிருக்குன்னு ஏதாச்சும் துணி மாட்டுவியா?"

"எனக்கே நான் ஒழுங்கா மாட்டுறதில்ல, வெர்னா."

"சுவத்தப் பாத்து உக்காந்தா?"

"உக்காரட்டும். என் கொட்டகையில நாலு சுவரு இருக்கு."

கையெழுத்தானது. மூன்று நாள் அவன் அந்தக் கொட்டகைச் சுவரைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தான். வெர்னா தினமும் போன் செய்து கேட்டார். நாலாம் நாள் ஆரினே கூப்பிட்டார். "சுவத்த விட்டுட்டான். ஆட்டப் பாக்குறான்" என்று சொல்லி வைத்துவிட்டார். காப்பகத்தில் மீதி இருந்த மூன்று நாய்களை அந்த வாரமே நகரத்துக்கு ஏற்றி அனுப்பினோம்.

அடுத்த செப்டம்பரில் நிலையத்துக் கதவில் புதுத்தாள் ஒட்டியிருந்தது. நான்கு விதிகள் அப்படியே இருந்தன. மூன்றாவது விதி மட்டும் மாறியிருந்தது: கயிற்றின் இரண்டு முனைகளில் ஏதாவது ஒன்றில், வீட்டில் தைத்த வேடம் இருக்க வேண்டும்.

ஆரின் அதைப் படித்துவிட்டு, செத்த பன்றிக்கும் இது செல்லுமா என்று கேட்டார். செல்லாது என்றார் வெர்னா. அக்டோபர் இரண்டாம் வாரம், பக்கெட்டை வாசலில் படுக்கச் சொல்லிவிட்டு, ஆரின் வெர்னாவின் தையல் அறைக்குள் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். ஆட்டு உடையை அவர் உடம்புக்குப் பிரித்துத் தைக்க வேண்டியிருந்தது. வெர்னா அளவு நாடாவை எடுத்தார்.

"நீ முதல்ல எங்க பாப்பேன்னு ஊருக்கே தெரியும்" என்றார் ஆரின்.

"அது நாய்க்கு, ஆரின். நேரா நில்லு."